காசும் கேஷும் உறவா?

"கேஷா, நெட்ஸா?"

சிராங்கூன் சாலைக் கடைகளில் நம் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி இது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம் எழும். ‘கேஷ்’ என்பது நம் ‘காசு’தானே! நான் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்த உயர்நிலை மூன்று மாணவியிடமும் அப்படியே சொன்னேன். அவள் அதைத் தன் ஆங்கிலக் கட்டுரையில் எழுதிவிட்டாள். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"அப்ப நீங்க சொன்ன மத்த சொல்லெல்லாமும் இப்படித்தானா அண்ணா?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் நூலகத்தில் சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு.

பெட்டியில் பிறந்த கேஷ்

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம் ‘காப்ஸா’ என்னும் லத்தீன் சொல். அதன் பொருள் பெட்டி. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. அன்று கேஷ் என்றால் பணம் வைக்கும் பெட்டியும்தான். நம் கல்லாப்பெட்டி போல. பின்னர் பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. நம் இலக்கணப்படி இது இடவாகுபெயர். பழைய பொருள் வழக்கொழிந்துவிட்டது. ‘கேஷிய’ரும் சூட்கேஸில் உள்ள ‘கேஸு’ம் இதே குடும்பம். நீதிமன்றக் ‘கேஸ்’ இதில் சேராது.

காசில் பிறந்த கேஷ்

மற்றொன்று நம்முடையது. தமிழ்க் காசைப் போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான்! அவர்களிடமிருந்து பெற்ற ஆங்கிலேயர் அதைக் ‘கேஷ்’ ஆக்கினர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். துளையிட்ட சீனச் செப்புக்காசையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே அழைத்தனர். ஆனால் சிராங்கூன் சாலையில் நாம் நீட்டும் கேஷ் இதுவன்று.

மற்ற சொற்கள்?

மாணவியின் கேள்விக்கு வருவோம். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகவும், சுருட்டு ‘செரூட்’ ஆகவும், மிளகுத்தண்ணீர் ‘முல்லிகடானி’ ஆகவும் இருக்கின்றன. இவற்றில் ஐயமில்லை.

‘குடோன்’ சற்றுச் சிக்கலானது. மலாய் ‘குடாங்’ நம் ‘கிடங்கு’டன் தொடர்புடையது. தெலுங்கிலும் உறவுச் சொல் இருப்பதால் தமிழுக்கு மட்டும் உரிமை கோர முடியாது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய ‘கிட்டங்கி’களையும், கிளார்க் கீயில் இன்று உணவகங்களாகிவிட்ட பழைய குடோன்களையும் இச்சொல் ஒரே குடும்பமாக்குகிறது.

அடுத்த வாரம் என் தவற்றை ஒப்புக்கொண்டு இவற்றையெல்லாம் அவளிடம் காட்டினேன். "அப்ப பாதி சரி அண்ணா," என்று சிரித்தாள்.

நண்பர்களே, இரு சொற்கள் ஒலியில் ஒத்திருந்தால் உடனே உறவு கொண்டாட வேண்டாம். அச்சொல் முன்பு எதைக் குறித்தது, எவர் வாய்வழி வந்தது என்று முதலில் தேடுவோம். தமிழ் தந்த சொற்கள் ஏராளம். தராததையும் சேர்த்துச் சொன்னால், தந்ததையும் பிறர் நம்பமாட்டார்கள்.