முதலில் கூடு, பிறகு குஞ்சு

போபால் நகரின் ஓரத்தில், தோட்டத்துடன் கூடிய வீடொன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. அக்காளுக்கும் தம்பிக்கும் கோழி வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கோடை விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பாட்டியிடம் அதனைக் கூறினர்.

"குஞ்சுகளை நாளைக்கே வாங்கலாமா, பாட்டி?" என்று தம்பி கேட்டான்.

"கூடு எங்கே இருக்கிறது?" என்று பாட்டி திருப்பிக் கேட்டார். இருவரும் விடை கூறாமல் நின்றனர்.

பாட்டி அவர்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். மதிலின் அடியில் கீரி நுழையும் பொந்து ஒன்று இருந்தது. மின்கம்பத்தில் பருந்து அமர்ந்திருந்தது. தெருவில் நாய்கள் திரிந்தன. வாசலில் வளர்ப்பு நாய் மணி படுத்திருந்தது. "குஞ்சுக்குப் பகை வானிலிருந்தும் வரும், தரையிலிருந்தும் வரும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்றார் பாட்டி.

ஊரில் பாட்டி குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் மூடி வைப்பார். பருந்துக்கும் காகத்துக்கும் அது போதும். நாயோ அதனைப் புரட்டிவிடும். ஆகவே தந்தை தச்சரைக் கொண்டு மரக்கூடு ஒன்று செய்வித்தார். அது தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கால்களின்மேல் நின்றது. மெல்லிய கோழிவலையை நாய் கடித்துக் கிழித்துவிடும். எனவே அரை அங்குலக் கண்ணியுள்ள கெட்டியான கம்பிவலை பொருத்தப்பட்டது. குஞ்சுகள் மேய்வதற்குக் கூட்டைச் சுற்றி ஓர் அடைப்பும் அமைந்தது. அதன் மேற்புறமும் வலையால் மூடப்பட்டது. விலங்குகள் மண்ணைத் தோண்டி நுழையாதபடி, வலையின் அடிப்பகுதி ஓரடி ஆழத்தில் புதைக்கப்பட்டது.

அதன் பின்னரே ஆறு கடக்நாத் குஞ்சுகள் வந்தன. அவை ஒரு மாதம் வளர்ந்தவை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து பெற்றவை. கடக்நாத், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய நாட்டுக்கோழி. அதன் இறகு மட்டுமன்றித் தோலும் தசையும் கருமையாக இருக்கும். 2018ஆம் ஆண்டில் ஜாபுவா கடக்நாத் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

முதல் நாள், குஞ்சுகளைக் கண்டதும் மணி பாய்ந்தது. கழுத்தில் சங்கிலி இருந்ததால் ஆபத்து நேரவில்லை. "ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அதனைப் பழக்கலாம், ஆனால் குஞ்சுகளோடு தனியே விடக்கூடாது" என்றார் பாட்டி. நாள்தோறும் மணியைச் சங்கிலியுடன் அடைப்பின் அருகே அமர வைத்தனர். அது அமைதியாக இருந்தால் ஒரு ரொட்டித் துண்டு கிடைக்கும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, விளையாட்டு அவசரத்தில் தம்பி கூட்டின் கதவையும் அடைப்பின் கதவையும் தாழிட மறந்தான். மறுநாள் காலையில் ஐந்து குஞ்சுகளே இருந்தன. கரிய இறகுகள் சிதறிக் கிடந்தன.

"மணிதான் தின்றுவிட்டது!" என்று அழுதுகொண்டே தம்பி கையை ஓங்கினான்.

"மணி இரவு முழுவதும் வீட்டினுள் இருந்ததே, தம்பி!" என்று அக்காள் தடுத்தாள்.

செடிகளுக்கு நீர் பாய்ச்சிய ஈர மண்ணைப் பாட்டி காட்டினார். அதில் சிறிய காலடித் தடங்கள் இருந்தன. "நாயின் தடத்தில் நகம் பதியும். இதில் நகம் பதியவில்லை, இது பூனையின் தடம்" என்றார். கதவைத் திறந்து வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மணியின் தலையைத் தடவிக் கொடுத்தான். அன்று முதல், பொழுது சாயும்போது குஞ்சுகளை எண்ணி அடைப்பது அவன் பணியாயிற்று.

விடுமுறை முடிந்து பாட்டி ஊர் திரும்பினார். மாலைதோறும் தொலைபேசியில் அவர் கேட்பது ஒன்றே.

"எத்தனை?"

"ஐந்து, பாட்டி. இரண்டு கதவுகளையும் தாழிட்டுவிட்டேன்."

சொற்பொருள்
பஞ்சாரம் – குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் கூடை
கண்ணி – வலையின் துளை
அடைப்பு – வேலியிட்ட இடம்
இயல்பு – பிறவிக் குணம்

பயிற்சி
1. பாட்டி முதலில் கூட்டைப் பற்றிக் கேட்டது ஏன்?
2. வலையின் அடிப்பகுதியை மண்ணில் புதைத்தது எதற்காக?
3. குஞ்சைக் கொன்றது மணி அன்று என்பது எவ்வாறு தெரிந்தது?
4. 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்னும் பழமொழியை உமது வாழ்வில் நிகழ்ந்த ஒன்றோடு பொருத்தி ஐந்து வரிகள் எழுதுக.