பில்லில் ஒரு ரூபாய் இடிப்பது ஏன்?

மொத்தக் கடையில் கம்ப்யூட்டரில் போட்ட பில்லைச் சில்லறைக் கடைக்காரர் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தால் சில சமயம் ஒரு ரூபாய் இடிக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் மாதாமாதம் பற்று வரவில் இடித்தால், "அந்தக் கடைக் கணக்கு சரியில்லை" என்ற பேச்சு வந்துவிடும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் தென்காசிச் சரக்கு தினமும் அங்குள்ள கடைகளுக்கு ஏறுகிறது. அந்த நேரத்தில் நமக்குள் இப்படி ஒரு சந்தேகம் வரலாகாது.

இது நமக்குப் புதிதல்ல. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது ஓர் அணா ஆறேகால் பைசா ஆயிற்று. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் ஓரணாவை 6 பைசா என்றும், மூன்றணாவை 19 என்றும், நாலணாவை 25 என்றும் வைத்தார்கள். ஓரணாச் சாமானை நாலு தடவை வாங்கினால் 24 பைசா. சேர்த்து வாங்கினால் 25. எந்த இடத்தில் முழுமையாக்குகிறோம் என்பதில்தான் பேதம்.

எக்ஸெல் தாளிலும் அதே கதைதான். கட்டத்தில் இரண்டு தசமம் மட்டும் தெரியும்படி நாம் அமைக்கலாம். ஆனால் உள்ளே முழு எண்ணும் மறைந்திருக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது மறைந்திருக்கும் எண்ணை வைத்து. நாம் சரிபார்ப்பது கண்ணுக்குத் தெரியும் எண்ணை வைத்து.

உதாரணமாக, 5 சதவீத வரி உட்பட ரூ.50 வீதம் 500 மிளகு பாக்கெட் என்போம். வரி நீக்கிய விலை 47.619047... என்று நீளும். தாளில் தெரிவது 47.62.

கம்ப்யூட்டர் கணக்கு: சரக்கு 23,809.52, இரு வரிகளும் தலா 595.24, மொத்தம் ரூ.25,000.
கால்குலேட்டர் கணக்கு: 47.62 × 500 = 23,810; இரு வரிகளும் தலா 595.25, மொத்தம் ரூ.25,000.50. முழுமையாக்கினால் ரூ.25,001.

இரண்டு பேரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு ரூபாய் இடிக்கிறது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் தன் குறியீட்டை 1000-இல் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசமத்துக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524 என்று நின்றது. திருத்திப் பார்த்தபோது சரியான எண் 1098. துளித்துளியாய் ஒழுகியே பாதிக்கு மேல் போயிருந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

1. தசமத்தை மறைத்தால் போதாது, முழுமையாக்க வேண்டும். சரக்குத் தொகை, வரி ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் 'ரவுண்ட்' சூத்திரத்தைப் போட்டு, அடைப்புக்குள் கணக்கை எழுதி, கமாவுக்குப் பின் 2 என்று குறிக்கவும். பிறகு கூட்டினால் பில்லில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடும்.

2. வரி உட்பட்ட விலையில் விற்றால், பாக்கெட் விலையிலிருந்து வரியைக் கழிக்காமல், அந்த வரிசையின் மொத்தத் தொகையிலிருந்து கழிக்கவும். பில்லில் விலையை நான்கு தசமமாக, 47.6190 என்று அச்சிட்டால் கால்குலேட்டரிலும் ரூ.25,000-க்கே வந்து நிற்கும்.

3. ரூபாய்க்கு முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை, 'ரவுண்ட் ஆஃப்' என்று தனி வரியில் காட்டவும். 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித் தொகையில் 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்கவும், குறைந்தால் விட்டுவிடவும் சொல்கிறது. பில் மொத்தத்துக்கும் நாம் அதே முறையை வைத்துக்கொண்டால் பேச்சுக்கு இடமில்லை.

4. 'தெரியும் அளவிலேயே துல்லியம்' என்ற வசதி எக்ஸெல்லில் உண்டு. அதை அழுத்தினால் நாம் பதிந்த எண்களின் மறைந்த தசமங்கள் நிரந்தரமாகப் போய்விடும். கிராம் எடைகள் உள்ள தாளில் அதைத் தொடவே வேண்டாம்.

வாங்குவோரும் விற்போரும் ஒரே முறையில் கணக்குப் போட்டால் பில் எந்தக் கடையில் பார்த்தாலும் ஒன்றாகவே வரும். தராசு முள் நேராக நிற்பது போலவே பில்லும் நிற்க வேண்டும்.