மழைக்கு முன் வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டிலும்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். ஐப்பசி அடைமழையில் மாடுகளுக்குத் தீனியும் ஒதுங்க இடமும் இருக்க வேண்டுமானால், அதற்கான வேலைகளைப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். மழை பிடித்த பிறகு கீற்றுக்கு அலைவதில் பயனில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது வைக்கோல் போர். காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை மழையை ஒட்டியே வருவதால், அந்த வைக்கோலில் ஈரம் மிகுதியாக இருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை அடுக்கினால் உள்ளே சூடு ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். சில சமயம் தானே தீப்பற்றுவதும் உண்டு. பூஞ்சண வைக்கோலைத் தின்ற மாட்டுக்குக் கழிச்சல் காணும். சினைமாடு கன்றை வீசிவிடவும் கூடும். கறவை மாட்டின் விலையைப் பார்க்கும்போது, இன்னும் இரண்டு நாள் உதறிக் காயவைக்கும் கூலி பெரிதல்ல.

போர் போடும் இடம் மேடாக இருத்தல் அவசியம். வெறுந்தரையில் அடுக்காமல், கருங்கல் அல்லது பனந்துண்டுகளைப் பரப்பி ஓர் அடி உயர்த்தி, அதன்மேல் போட வேண்டும். அடுக்கும்போது நடுப்பகுதி ஓரத்தைவிட எப்போதும் உயர்ந்திருக்கும்படி மிதித்து வரவேண்டும். நடு தாழ்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். உயர்ந்திருந்தால் வெளியே வழிந்துவிடும். உச்சியைக் கூம்பாக முடித்து, வைக்கோல் பிரியின் இரு முனைகளிலும் கல்லைக் கட்டிக் குறுக்கே தொங்கவிட்டால் காற்றுக்குக் கலையாது. ஈரமான போரைத் தார்ப்பாயால் இறுக மூடுவது கெடுதல். உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வழியிராது.

புதுப் போரின் வயிற்றில் கடப்பாரையைச் செருகி, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் தாமதிக்காமல் பிரித்து உலர்த்த வேண்டும். பிரிக்கும்போது காற்றுப் பட்டுத் தீ கிளம்பலாம் என்பதால் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது.

அன்றாடம் வைக்கோல் பிடுங்குவதிலும் முறை உண்டு. அடியில் சுற்றிலும் பிடுங்கினால் போர் குடை போலாகிச் சாய்ந்துவிடும். ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழாக எடுத்து வரவேண்டும். மழைக்காலத்தில் எலி போருக்குள் ஒதுங்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். விடியற்காலை இருட்டில் வெறுங்கையை உள்ளே விடாமல், விளக்கு வைத்துக்கொண்டு கொக்கியால் இழுப்பதே பாதுகாப்பு.

கொட்டிலின் தரை பள்ளமாக இருந்தால் கிராவல் கொட்டி இடித்து, மூத்திரம் வழிந்தோடும்படி சரிவு கொடுக்க வேண்டும். சேற்றிலேயே நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும். எருக்குழியைச் சுற்றி வரப்புக் கட்டாவிட்டால், ஆண்டு முழுதும் சேர்த்த எருவின் சத்து மழையோடு போய்விடும்.

கோமாரித் தடுப்பூசி 2019 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் இலவசமாகப் போடப்படுகிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, விட்டுப்போன மாடுகளுக்குப் போட்டுக்கொள்ளலாம். குளத்தோர நத்தைகள் மூலம் ஈரல் புழு பரவுவதால், நீர் தேங்கிய இடத்துப் புல்லில் மேய்ச்சலைக் குறைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

விதை நெல்லை 13 சதவீத ஈரத்துக்கு மேற்படாமல் காயவைத்து, மூட்டைகளைச் சுவரில் சாயாமல் பலகைமேல் அடுக்க வேண்டும்.

மழை நாளில் மாட்டை மின்கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ கட்டக்கூடாது. மின்கசிவு இருந்தால் மாட்டோடு, அதை அவிழ்க்கப் போகிறவர் உயிரும் போகும். கட்டுவதற்கு இப்போதே தனி முளை அடித்து வைக்க வேண்டும். மோட்டார் கொட்டகையின் எர்த் கம்பியையும் மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்துவிட வேண்டும்.