துருப் பிடித்த எவர்சில்வர்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

துருப்பிடிக்காத எஃகு என்று சொன்னால் நம்மில் சிலருக்கே விளங்கும். எவர்சில்வர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். என்றும் வெள்ளியாய் இருப்பது என்ற பொருளுடைய அந்தப் பெயரை நம்பி, எங்கள் வீட்டில் கருவாடு காய வைக்கும் பரணுக்கு ஒரு கம்பி வலை வாங்கினோம். ஓராண்டு முடியுமுன் அது துருப் பிடித்துவிட்டது. ஏன் பிடித்தது என்று தேடியபோது நான் கற்றவற்றையே இக்கட்டுரையில் எழுதுகிறேன். கம்பி வலை வாங்கப் போகும் எவருக்கும் இது பயன்படக்கூடும்.

எங்கள் ஊர் கடலோரத்தில் உள்ளது. அம்மா நெத்திலியை உப்பிட்டுக் காய வைத்து விற்பவர். மணலில் காய்ந்த கருவாட்டுக்கு வியாபாரி விலை குறைப்பார். தரையை விட்டு உயர்த்திய பரணில் வலையை விரித்துக் காய வைத்தால் மணல் ஒட்டாது. அடியிலும் காற்று புகுவதால் விரைவில் காயும். இதற்காக அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கினார். வலையைப் பார்த்து வாங்கும் பொறுப்பு, கல்லூரியில் வேதியியல் படிக்கும் எனக்கு வந்தது.

கடையில் அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "உப்புத் தண்ணி பட்டா தாங்குமா?" கடைக்காரர், "எவர்சில்வர்மா, ஆயுசுக்கும் தாங்கும்" என்றார். நான் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வலையில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. "நல்ல எவர்சில்வர்தான் அம்மா" என்றேன். அடுத்த மழைக்காலத்துக்குள் கம்பிகள் குறுக்கிடும் இடங்களில் செம்புள்ளிகள் தோன்றின. பழுப்புக் கறை ஏறிய கருவாட்டை வியாபாரி ஒதுக்கிவிட்டார். கடன் தவணை மட்டும் ஒதுங்கவில்லை.

துரு ஏன் வருகிறது?

இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால் அது துருப்பிடிக்காத எஃகு எனப்படும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்க ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரியர்லி, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு அரிப்பைத் தாங்குவதைக் கண்டார். காரணம் இதுதான்: குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எஃகின் மேல் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. சில நானோமீட்டரே கனமுள்ள அப்படலம், கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் தானே மீண்டும் மூடிக்கொள்ளும்.

இப்படலத்தின் பகை குளோரைடு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கிறது. உப்புநீர் வலையில் பட்டு உலரும்போது அதன் செறிவு இன்னும் கூடுகிறது. படலத்தில் ஓரிடம் உடைந்தால் அங்கே சிறு குழி விழுகிறது. குழிக்குள் கரையும் உலோக அயனிகள் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. குளோரைடும் உள்ளே சேர்கிறது. ஆக்சிஜன் உள்ளே போவதில்லை. ஆகவே குழி ஆழமாகிக்கொண்டே போகும்.

தகட்டில் விழும் குழி பெரும்பாலும் அழகைக் கெடுக்கும். மெல்லிய கம்பியில் விழும் குழி கம்பியையே அறுத்துவிடும். மேலும், வலையில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தும் ஒவ்வோர் இடமும் உப்பு தங்கும் இடுக்கு. எங்கள் வலையில் முதலில் செம்புள்ளி அந்த இடங்களில் தோன்றியதன் காரணம் இப்போது விளங்குகிறது.

காந்தம் சொல்லாத செய்தி

எவர்சில்வர் ஒரே பொருளன்று. 304 என்ற இனத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 202 என்ற இனத்தில் நிக்கலைக் குறைத்து, அதன் இடத்தில் 7.5 முதல் 10 விழுக்காடு வரை மாங்கனீசு சேர்க்கிறார்கள். விலை குறையும், அரிப்பைத் தாங்கும் ஆற்றலும் குறையும். 316 என்ற இனத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. குளோரைடின் தாக்குதலை எதிர்ப்பதில் அதுவே இம்மூன்றிலும் மேலானது.

காந்தம் ஒட்டாததற்குக் காரணம் எஃகின் படிக அமைப்பு. அந்த அமைப்பை நிக்கலும் தரும், மாங்கனீசும் தரும். எனவே 202, 304, 316 ஆகிய மூன்றிலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. மாறாக, நல்ல 304 எஃகைக் கம்பியாக இழுக்கும்போது அது சிறிது காந்தத் தன்மை பெறுவதும் உண்டு. காந்தத்தை மட்டும் நம்பினால் கெட்டதை ஏற்போம்; நல்லதைத் தள்ளுவோம்.

எங்கள் துறை ஆசிரியரின் அனுமதியுடன், வீட்டு வலையின் துண்டு ஒன்றையும் தரச்சான்றுள்ள 304 கம்பியின் துண்டு ஒன்றையும் சம எடையில் எடுத்துக்கொண்டேன். நீர்த்த கந்தக அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஆறியபின் சோடியம் பிஸ்மத்தேட்டை இட்டேன். மாங்கனீசு இருந்தால் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் தோன்றும். 304இலும் சிறிது மாங்கனீசு உண்டாகையால் அதிலும் இளநிறம் வந்தது. எங்கள் வலையின் கரைசலோ கத்தரிப்பூப் போல் அடர்ந்து நின்றது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த சோதனை, எங்கள் கடனின் கதையைச் சொல்லியது.

கண்ணும் கம்பியும்

வலையின் அளவைக் கடைகளில் 'மெஷ்' என்பார்கள். ஓர் அங்குல நீளத்தில், அதாவது 25.4 மில்லிமீட்டரில், எத்தனை கண்கள் என்பதே அவ்வெண். எண் கூடினால் கண் சிறுக்கும். ஆனால் அவ்வெண் மட்டும் கண்ணின் அளவைச் சொல்லாது. கம்பியின் கனமும் வேண்டும். 25.4ஐ மெஷ் எண்ணால் வகுத்து, கம்பியின் விட்டத்தைக் கழித்தால் கண்ணின் அகலம் கிடைக்கும்.

4 மெஷ் வலையில் 20 கேஜ் கம்பி இருந்தால், அதன் விட்டம் 0.91 மி.மீ.; கண்ணின் அகலம் 5.44 மி.மீ. அதே 4 மெஷ்ஷில் 16 கேஜ் கம்பி இருந்தால், விட்டம் 1.63 மி.மீ.; கண் 4.72 மி.மீ. முதல் வலையின் பரப்பில் சுமார் 73 விழுக்காடு திறந்த வெளி. இரண்டாவதில் 55 விழுக்காடே. காற்று வேண்டுமானால் முன்னது. பாரம் தாங்க வேண்டுமானால் பின்னது. கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதையும் மறக்கக் கூடாது. கொசுவைத் தடுக்கும் சன்னலுக்கு 16 மெஷ்ஷில் 0.28 மி.மீ. கம்பி போதும், அதன் கண் 1.31 மி.மீ.

பொருத்துதலும் பேணுதலும்

வலையை இரும்பு ஆணியால் அடித்தால், ஈரத்தில் இரு உலோகங்களும் மின்கலம் போல் இயங்கி ஆணியை விரைவில் அரிக்கும். அதன் துரு வலையிலும் படியும். எவர்சில்வர் திருகாணியோ நைலான் கயிறோ நல்லது. உப்பு பட்ட வலையை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். 316 வலைக்கும் இது பொருந்தும். இரும்புக் கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. அதன் துகள்கள் பதிந்து துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊறவிடவும் கூடாது.

ஆகவே, வலை வாங்கப் போகும்போது எந்த இனம், எத்தனை மெஷ், என்ன கேஜ் என்ற மூன்றையும் கேட்டு, அவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆனால் இம்மூன்றுக்கும் முன்னதாக ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வலை எங்கே இருக்கப் போகிறது, அதன் மேல் என்ன படப் போகிறது? வீட்டுக்குள் மாவு சலிக்க 304 நெடுங்காலம் உழைக்கும். உப்புக் காற்றில் அதுவும் கறைபடும்.

அந்த முதல் கேள்வியை அன்று கடையில் அம்மா கேட்டார். பள்ளிக்கூடம் போகாத அவர் சரியான கேள்வியைக் கேட்டார். படித்த நான் காந்தத்தை எடுத்து அதற்குத் தவறான விடை சொன்னேன். அம்மா இதுவரை என்னைக் குறை சொன்னதில்லை. பழைய வலை இப்போது கோழிக்கூண்டில் இருக்கிறது. பரணில் நைலான் மீன்வலையை இழுத்துக் கட்டி நெத்திலி காய வைக்கிறோம். மணல் ஒட்டுவதில்லை, கறையும் இல்லை. கடன் முடிந்தபின் 316 வலை வாங்குவதா, நைலானே போதுமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை அம்மா கேட்பதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நான் வாய் திறப்பேன்.