பாடம்: கணக்கு எழுதினால் போதுமா? அறிக்கையையும் நாம்தான் பார்க்கணும்



சென்ற இதழில் ரொக்கப் புத்தகம் எழுதுவது பற்றிப் பார்த்தோம். அந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கிற எண்கள் எங்கே போகின்றன, அவற்றை வைத்து யார் என்ன முடிவு எடுக்கிறார்கள், அதில் நமக்கு என்ன உரிமை என்பது இந்த இதழின் பாடம். ஊக்குநர் அல்லது படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

"எழுதறதோட நம்ம வேலை முடிஞ்சுது, மத்ததை கணக்காளர் பாத்துக்குவாங்க" என்று பல குழுக்களில் சொல்கிறோம். ஆனால் குழுவில் எழுதிய சேமிப்பும் கடனும் வருகைப் பதிவும் அந்த நோட்டிலேயே தங்கிவிடுவதில்லை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குப் போய், அங்கே கூட்டப்பட்டு, வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் போகிறது. வங்கி மேலாளர் நம்மை நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே நம் குழுவின் எண்களைப் பார்த்துவிடுகிறார். தர மதிப்பீட்டில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம், வங்கிக் கடன் எவ்வளவு என்பதெல்லாம் அந்த எண்களை வைத்துத்தான்.

இது நேற்று வந்த பழக்கமில்லை. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கிற சோதனையைத் தொடங்கியது. சொத்து அடமானம் கேட்காமல் எதை நம்பிக் கடன் கொடுத்தார்கள்? குழு ஒழுங்காகக் கூடுகிறதா, சேமிக்கிறதா, உள்ளுக்குள் கடன் கொடுத்துத் திரும்ப வாங்குகிறதா, இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான். அன்றைக்கே நம் நோட்டுதான் நமக்கு அடமானம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நாங்கள் எழுதிய கணக்கு. ஒரு குழுவில் பத்துப் பேர் ஆளுக்கு 12,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார்கள். மாதம் 1,000 ரூபாய் அசல், 12 தவணை, வட்டி தனி. ஐந்து மாதம் ஆகிவிட்டது. எட்டுப் பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். இரண்டு பேர் முதல் இரண்டு மாதம் கட்டிவிட்டு அப்புறம் மூன்று மாதமாகக் கட்டவில்லை. இந்த மாதம் ஒழுங்காகக் கட்டும் ஒரு அக்காவுக்குக் கரும்புப் பணம் வந்தது. அவர் தன் தவணை போக இன்னும் 2,000 ரூபாய் முன்கூட்டியே கட்டிவிட்டார்.

இந்த மாதம் வர வேண்டியது 10,000. வந்தது எட்டுப் பேரிடம் 8,000, அக்கா கூடுதலாகக் கட்டியது 2,000, ஆக 10,000. அறிக்கையில் "திருப்பிச் செலுத்துதல் 100 சதவீதம்" என்று வரும். கூட்டல் சரி, பொய்யும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் ஆளுக்கு 3,000 பின்தங்கி நிற்பதை இந்த எண் காட்டவே காட்டாது.

அதே நோட்டை இன்னொரு விதமாகப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டுகிற எட்டுப் பேரிடம் பாக்கி 56,000. அதில் முன்கட்டிய 2,000 போனால் 54,000. தவறிய இரண்டு பேரிடம் ஆளுக்கு 10,000, ஆக 20,000. மொத்தம் வெளியே நிற்பது 74,000. அதில் 20,000 ஆட்டம் காண்கிற பணம், அதாவது நூறு ரூபாய்க்கு 27 ரூபாய். ஒரே குழு, ஒரே மாதம், ஒரே நோட்டு. ஒரு அறிக்கை "நூற்றுக்கு நூறு" என்கிறது. இன்னொன்று "கால்வாசிக்கு மேல் கவனிங்க" என்கிறது.

எந்த எண்ணை மேலே அனுப்புவது என்று யார் முடிவு செய்தார்கள்? பெரும்பாலும் யாருமே முடிவு செய்வதில்லை. படிவத்தில் எந்தக் கட்டம் இருக்கிறதோ அது நிரம்புகிறது, அவ்வளவுதான். மாதக் கடைசியில் இலக்கு, இலக்கு என்று அவசரப்படுத்தும்போது நல்லாத் தெரிகிற எண்தான் முதலில் போகும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

ஆகவே கூட்டமைப்பில் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே அர்த்தம் வைத்துத் தீர்மானம் போடுவது. "தவணை தவறியவர்" என்றால் யார்? ஒரு குழுவில் ஒரு மாதம் தாண்டினாலே தவறியவர். இன்னொரு குழுவில் மூன்று மாதம் வரை பொறுப்பார்கள். பொறுப்பது தப்பில்லை, அது அந்தக் குழுவின் மனசு. ஆனால் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. படியில் அளந்த நெல்லையும் கிலோவில் நிறுத்த நெல்லையும் சேர்த்துக் கூட்டின மாதிரி. "மொத்தச் சேமிப்பு" என்பதும் அப்படித்தான். உறுப்பினர் எடுத்துக்கொண்டு போனதைக் கழித்தா, கழிக்காமலா? பங்கிட்ட வட்டியும் அதில் சேருமா? இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாக் குழுவுக்கும் ஒரு நகல் கொடுக்கணும்.

இரண்டாவது, எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடம் வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி பிடுங்கி ஆலைக்கு ஏற்றும்போதுதான் வீட்டில் நாலு காசு புழங்கும். வேலை இல்லாத மாதங்களில் குடும்பத்தோடு கேரளா, கர்நாடகா பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த மாதங்களில் வருகைப் பதிவு பாதியாகும், தவணையும் தள்ளிப்போகும். கள்ளக்குறிச்சியிலோ சென்னையிலோ உட்கார்ந்து எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது "செயல்படாத குழு". ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெண்கள் சேர்த்துக் கட்டுவதை அந்த எண் சொல்லாது. சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் தரைப்பகுதிக் குழுக்களுக்கு வைத்த அளவுகோலை அப்படியே மலைக்கும் வைப்பது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து. மலைக் குழுவை அதே குழுவின் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. எழுதியதை மாற்றுகிற அதிகாரம் யாருக்கு? நோட்டில் தவறு வந்தால் சிவப்பு மையில் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, இருவர் கையெழுத்துப் போடுவோம். பழைய எண்ணும் கண்ணுக்குத் தெரியும். இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் லோகோஸ் செயலியில் பதிவு நடக்கிறது. செயலியிலும் அதே ஒழுங்கு வேண்டும். பதிவு ஏற்றுகிறவர் ஒருவர், சரிபார்த்து ஒப்புதல் தருகிறவர் வேறொருவர். ஒருவருடைய கடவுச்சொல்லை இன்னொருவர் வைத்துக்கொள்ளக் கூடாது. "போன் குடுங்க்கா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றால், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லணும். சிக்னல் கிடைக்காத ஊர்களில் கீழே வந்து ஏற்றும்போது நோட்டுக்கும் செயலிக்கும் சில நாள் வித்தியாசம் வரும். அது குற்றமில்லை. ஆனால் எந்தத் தேதி வரையிலான கணக்கு என்று அறிக்கையின் தலையில் எழுதியிருக்க வேண்டும்.

இதை நன்றாகச் செய்தவர்களும் உண்டு. ஜார்க்கண்ட் பக்கம் பிரதான் என்ற தொண்டு நிறுவனம் "கம்ப்யூட்டர் முன்ஷி" என்று ஓர் ஏற்பாடு செய்தது. முன்ஷி என்றால் கணக்குப்பிள்ளை. குழுக் கூட்டத்தில் எழுதிய தாள் அந்த வட்டாரத்திலேயே இருக்கும் முன்ஷியிடம் போகும். அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, தவறைக் கண்டுபிடித்து, அச்சடித்த கணக்கைக் குழுவுக்கே திருப்பி அனுப்புவார். அதற்குக் குழுக்கள் கட்டணம் கொடுத்தன. இதில் எங்களுக்குப் பிடித்தது அந்தக் கட்டணம்தான். காசு கொடுப்பவர்கள் "ஏன் தப்பு வந்துச்சு" என்று கேட்பார்கள். நபார்டு 2015-ல் ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டங்களில் தொடங்கிய இ-சக்தி திட்டத்திலும் உறுப்பினரின் கைபேசிக்கே குறுஞ்செய்தி போகும்படி வைத்தார்கள்.

இனி, பெயர் சம்பந்தப்பட்டது. 2010-ல் ஆந்திராவில் ஒரே பெண் பல நிறுவனங்களில் கடன் வாங்கிச் சிக்கிக்கொண்ட நெருக்கடி பலருக்கு நினைவிருக்கும். அந்த அக்டோபரில் அவசரச் சட்டமே வந்தது. யாருக்கு மொத்தம் எவ்வளவு கடன் என்று எந்த நிறுவனமும் பார்க்காததும் அதற்கு ஒரு காரணம். பிறகு 2016 ஜனவரியில், குழுக் கடனிலும் உறுப்பினர் வாரியான விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் நோட்டில் ஒருவர் கடன் இன்னொருவர் பேரில் ஏறிவிட்டால், நாளைக்கு அவர் மகளுக்குக் கல்விக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கலாம். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முறை நம் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தவறு இருந்தால் திருத்தவும் கேட்கலாம்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நம் விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கணும் என்கிறது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. நம் கூட்டமைப்பு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குழுவுக்கு வெளியே போகிற மாதாந்திர அறிக்கையில் மொத்தத் தொகை போதும், உறுப்பினர் பெயர் வேண்டாம். பெயர் போவது கடன் விண்ணப்பத்துக்கு மட்டும், அதுவும் அவருக்குத் தெரிந்து. தவறியவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதை உடனே நிறுத்தணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். கூட்டமைப்புக்குப் போன மாதம் போன அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மொத்தச் சேமிப்பு, வெளியே நிற்கும் கடன், தவணை தவறியவர் எண்ணிக்கை, இந்த மூன்றையும் குழு நோட்டோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொருவரும் தன் பாஸ் புத்தகத்தைப் பேரேட்டோடு வைத்துப் பார்க்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொல்லட்டும். வித்தியாசம் இருந்தால் தொகையையும் தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்கள். ஊராட்சிக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் அதற்கென்று நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.