சூடான டயர் சொல்லும் கணக்கு

திருவொற்றியூருக்கும் டயருக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1946ஆம் ஆண்டு மாம்மன் மாப்பிள்ளை இங்கே பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னர் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் இவ்வூரில் உருவானவையே. பலூனானாலும் டயரானாலும் சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான்.

ஒரு மோட்டார் சைக்கிளின் பின் டயரில் 28 பவுண்டு காற்று இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் காற்று 28 பவுண்டு விசையுடன் தள்ளுகிறது என்பதே இதன் பொருள். அச்சக்கரத்தின் மீதுள்ள சுமை 150 கிலோ, அதாவது ஏறத்தாழ 330 பவுண்டு என்க. 330ஐ 28ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 12 சதுர அங்குலம். ஓர் உள்ளங்கை அளவுதான்! சாலையைப் பற்றி நிற்பது இவ்வளவே.

காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடும். பிடிப்பும் கூடுமல்லவா என்று கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. வளைக்கச் செலவாகும் ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. பெட்ரோல் வீணாகும், வளைவுகளில் வண்டி தள்ளாடும், வேகமும் சுமையும் மிகுந்தால் டயர் வெடிக்கவும் கூடும். கன்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் எண்ணூர் சாலையில் இது உயிர்ப் பிரச்சினை. காற்று அளவுக்கு மிஞ்சினாலோ தொடும் பரப்பு சுருங்கி, பிடிப்புக் குறையும்.

காற்றை எப்போது அளக்க வேண்டும்? இங்கேதான் வாயு விதி உதவுகிறது. கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலையில் டயரின் வெப்பநிலை 27° செல்சியஸ், அதாவது 300 கெல்வின். வெயிலில் ஓடிய பின் 57°, அதாவது 330 கெல்வின் எனக் கொள்வோம். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு உயரும்.

அழுத்தமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே என்பதை மறவாதீர். ஆகவே காலையில் மொத்த அழுத்தம் 28 + 15 = 43 பவுண்டு. மாலையில் இது 47 ஆகும்; மானி 32 காட்டும். "நாலு பவுண்டு அதிகம்" என்று காற்றை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? மொத்தம் 43 ஆகிவிடும். மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அது 39 ஆகக் குறையும். மானி 24தான் காட்டும்! நல்லெண்ணத்தால் செய்த வேலை டயரை மெலியச் செய்துவிடும்.

எனவே வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வாரம் ஒரு முறையேனும் பார்ப்பது நல்லது. முன், பின் டயர்களுக்கான அளவுகள் வேறுபடும். பின்னால் ஒருவர் அமர்ந்தால் பின் டயருக்குக் கூடுதல் தேவைப்படலாம். வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுக.

செய்து பாருங்கள்: சைக்கிளின் பின் டயரில் சாக்குத்தூள் தடவி, அதை வரைபடத் தாளின் மீது நிறுத்துங்கள். நண்பரை அமரச் செய்து, பதிந்த தடத்தின் கட்டங்களை எண்ணுங்கள். சிறிது காற்றை இறக்கி மீண்டும் எண்ணுங்கள். பிறகு, காலையில் வீட்டு வண்டியை எடுக்கும் முன் டயரைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.