கைபேசியில் வளரும் உறவு: நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் குடும்பங்கள் இன்று நிறைய. ஒருவர் தைக்கிறார், ஒருவர் பிரியாணி ஆர்டர் எடுக்கிறார், ஒருவர் மாலையில் டியூஷன் நடத்துகிறார். சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஏசி, மோட்டார் பழுது பார்க்கும் தம்பிகளும் உண்டு. கடை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் பணம் இல்லாத இவர்களுக்குக் கைபேசிதான் கடை. ஆனால், “தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறோம், எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் வாங்க வருவதில்லையே” என்பதுதான் பலருடைய ஆதங்கம்.

இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு செய்தி எவ்வளவு தூரம் போகிறது என்பது வேறு. அதை அனுப்பியவரை மக்கள் நம்புகிறார்களா என்பது வேறு. நம்பிக்கை இருக்கும் இடத்துக்கு ஆட்கள் தாமாக வருவார்கள். நம்பிக்கை இல்லாமல் வேகம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு நல்ல உதாரணத்தைப் பார்ப்போம்.

2015: வெள்ளத்தில் கைகொடுத்த செய்திகள்

2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் தண்ணீரில் நின்றன. மறுநாள் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. 1878-இல் தொடங்கிய அந்த இதழுக்கே அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாத நிலை அன்று ஏற்பட்டது. பல இடங்களில் மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை.

அந்த நாட்களில் சிக்னல் கிடைத்த இடங்களிலெல்லாம் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும் பெரிய உதவியாக இருந்தன. ‘நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று உறவினருக்குத் தெரிவிக்கும் வசதியை ஃபேஸ்புக் திறந்துவிட்டது. எங்கே படகு தேவை, எந்தப் பள்ளிவாசலில், கோயிலில், தேவாலயத்தில், கல்யாண மண்டபத்தில் தங்க இடம் உண்டு, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற விவரங்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் பொதுப்பட்டியலாகத் தொகுத்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் வேலை செய்த முறையை. ஆயிரக்கணக்கான செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. மீட்கப்பட்டுவிட்டவரைக் ‘காப்பாற்றுங்கள்’ என்று கேட்கும் பழைய செய்தியும் அவற்றில் இருந்தது. அமெரிக்காவின் நாசாவே எச்சரித்ததாகச் சொன்ன மழைப் புரளியும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகச் சொன்ன புரளியும் இருந்தன. இரண்டுமே மறுக்கப்பட்டவை. பொறுப்பான தன்னார்வலர்கள் எதையும் அப்படியே அனுப்பவில்லை. கொடுக்கப்பட்ட எண்ணுக்குப் போன் செய்து கேட்டார்கள். இடம், நேரம், ஆட்களின் எண்ணிக்கை குறித்தார்கள். உதவி போய்ச் சேர்ந்ததும் ‘முடிந்தது’ என்று பதிந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவர்களை நம்பியதற்குக் காரணம் இந்தப் பொறுப்புதான்.

2018: பழவேற்காட்டில் நடந்தது

அதே வாட்ஸ்அப் மூன்றே ஆண்டுகளில் வேறு முகத்தைக் காட்டியது. குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று ஒரு ஃபார்வர்டு வட மாவட்டங்களில் பரவியது. யார் எழுதியது, எந்த ஊரில் நடந்தது, என்றைக்கு நடந்தது என்று யாருக்கும் தெரியாது. 2018 மே மாதம் நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் அடையாளம் தெரியாத ஒருவரைக் கடத்தல்காரர் என்று சந்தேகித்துக் கும்பல் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே நேரத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியும் அடித்துக் கொல்லப்பட்டார்.

அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தில், தம் பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்கள். அவர்கள் செய்யாமல் விட்டது ஒரு போன். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அனுப்பியவரைக் கேட்டிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

அந்த ஆண்டு நாட்டின் பல மாநிலங்களில் இப்படி உயிர்கள் போன பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரல் முதல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அப்படிப்பட்ட செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அந்தக் குறியைக் கண்டால் ‘இதை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர் அல்லர்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

2023: பக்கத்து அறைக்காரரின் பயம்

மூன்றாவது உதாரணம் நம் தொழிற்பேட்டைக்கு மிகவும் நெருக்கமானது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் கும்மிடிப்பூண்டியில் நமக்குப் பக்கத்து அறைகளில் வாழ்கிறார்கள். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் சண்டையிட்டது என்றும், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது என்றும் அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அதற்குள் பல ஊர்களில் தொழிலாளர்கள் பயந்து சொந்த ஊருக்கு ரயில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

பயந்துபோன ஒருவருக்கு அரசின் மறுப்பு அறிக்கையை விட, தினமும் டீக்கடையில் பார்க்கும் மனிதர் “பாய், ஒன்றும் இல்லை, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்வது பெரிது. அந்த வார்த்தை பலிக்க வேண்டுமானால் பழக்கம் முன்பே இருந்திருக்க வேண்டும்.

பழக்கத்தைக் கேட்கும் கருவி

இப்போது நம் தொழிலுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் ‘பிராட்காஸ்ட்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து ஒரே செய்தியை அனுப்பலாம். ஆனால் தம் கைபேசியில் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு பக்கமும் எண் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கிருந்தோ 500 எண்களை வாங்கிப் போட்டால் பயன் இல்லை என்பது இதிலிருந்தே புரியும். வாடிக்கையாளர் நம் பெயரைப் போட்டு எண்ணைச் சேமிக்கும்போதுதான் நம் கடைக் கதவு திறக்கிறது.

ஃபேஸ்புக்கும் 2018 ஜனவரியில் தன் முறையை மாற்றியது. நிறுவனங்களின் பதிவுகளைக் குறைத்து, நண்பர்களும் குடும்பத்தினரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு முன்னிடம் தரப்போவதாக அறிவித்தது. ஒரு பதிவின் கீழே கேள்வியும் பதிலுமாகப் பேச்சு நடந்தால் அது மேலும் பலருக்குத் தெரியவரும். பதில் சொல்லாமல் படம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது அமுங்கிப்போகும்.

இரண்டு செய்திகளை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது: “ஆஃபர்! ஆஃபர்! குறைந்த விலையில் எல்லா வகைத் தையலும்! உடனே ஷேர் செய்யுங்கள்!” இரண்டாவது: “ஜி.என்.டி. சாலைப் பக்கம் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை தைத்துத் தருகிறேன். இந்த வாரம் 10 ஜோடிக்கு மேல் எடுக்க முடியாது, வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன். அளவு கொஞ்சம் பெரிதாக வைத்துத் தைப்பதால் அடுத்த வருடமும் பிரித்துப் போடலாம்.” முதலாவதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இரண்டாவதைப் படித்தால் எழுதியவரின் கை தெரிகிறது. செய்ய முடியாததையும் சொல்லிவிட்டதால் செய்வேன் என்றதை நம்பத் தோன்றுகிறது.

நாம் கடைப்பிடிக்க வேண்டிய பழக்கங்கள்

1. கேட்டவருக்கு அன்றே பதில் சொல்வோம். சரக்கு இல்லையென்றால் ‘இல்லை’ என்பதும் பதில்தான். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருட்களின் படமும் விலையும் அதில் வைத்துவிடலாம். விலையை மறைத்து ‘இன்பாக்ஸ் வாருங்கள்’ என்று சொல்வதைத் தவிர்ப்போம்.

2. நாம் எடுத்த படத்தையே போடுவோம். இணையத்தில் கிடைத்த பளபளப்பான பிரியாணிப் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்பவர், வீட்டுக்கு வந்த பொட்டலத்தைத் திறக்கும்போது ஏமாறுவார். மறுமுறை வரமாட்டார்.

3. பத்து முறை பேசினால் இரண்டு முறை விற்போம். மற்ற நேரங்களில் பிறருக்குப் பயன்படுவதைச் சொல்வோம். தையல்காரர் துணி சுருங்காமல் துவைக்கும் வழி சொல்லலாம். மெக்கானிக் கோடைக்கு முன் ஏசியைத் துடைக்கும் முறையைக் காட்டலாம்.

4. பக்கத்துத் தொழில்காரரின் நல்ல வேலையையும் மனதாரச் சொல்வோம். அவருடைய ஆட்கள் நம்மையும் அறிவார்கள். மதம், மொழி பார்க்காமல் இதைச் செய்வோம். வெளிமாநிலத் தொழிலாளர் வாங்கக்கூடிய பொருள் என்றால் இந்தியில் இரண்டு வரி சேர்ப்போம்.

5. வாரம் ஒரு முறையாவது கைபேசியை விட்டு நேரில் சந்திப்போம். புது வாடிக்கையாளருக்கு முதல் பொருளை முடிந்தால் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.

6. ஜமாஅத், தெரு, பள்ளிக்கூடக் குழுக்களில் ஜனாஸா அறிவிப்பும் இரத்த தானக் கோரிக்கையும் வியாபாரத்தோடு கலந்து புதைந்துபோக விடக் கூடாது. அறிவிப்புக்கு அட்மின் மட்டும் எழுதும் ஒரு குழுவும், வியாபாரத்துக்கு வேறு குழுவும் வைத்தால் நல்லது. இரத்தம் கிடைத்துவிட்டால் ‘கிடைத்துவிட்டது’ என்று அதே குழுவில் போடுவது அட்மினின் கடமை.

எச்சரிக்கையும் வேண்டும்

நம்பிக்கையால் பிழைக்கும் இடத்தில் நம்பிக்கையைத் திருடுபவரும் வருவார். சிப்காட் கம்பெனியில் வேலை, முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்றோ, வீடியோவுக்கு லைக் போட்டால் தினமும் சம்பளம் என்றோ செய்தி வந்தால் பணம் அனுப்பாதீர்கள். தெரிந்தவர் பெயரில் ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று வந்தாலும் அவருடைய பழைய எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்டபிறகே மற்றது. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண்ணை எல்லோரும் பார்க்க முடியும். ஆகவே பெண்களைக் கேட்காமல் குழுக்களில் சேர்க்கக் கூடாது. ‘என்னை யார் குழுவில் சேர்க்கலாம்’ என்ற அமைப்பை எல்லோரும் இன்றே சரிபார்த்துக்கொள்ளலாம். தொழிலுக்கு முடிந்தால் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளின் படத்தையும் அவர்கள் படிக்கும் பள்ளியின் பெயரையும் சேர்த்துப் போடுவதைத் தவிர்ப்போம்.

இந்த வாரப் பயிற்சி

குடும்பமாக உட்கார்ந்து மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். முதலாவது, கடைசியாக நீங்கள் ஃபார்வர்டு செய்த 10 செய்திகளை எடுத்து, எத்தனை செய்திகளுக்கு எழுதியவர் யாரென்று தெரியும் என எண்ணுங்கள். இரண்டாவது, கடந்த மாதம் உங்களிடம் வாங்கிய 5 பேருக்கு எதையும் விற்காமல், “பொருள் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். குறை சொன்னால் நன்றி சொல்லித் திருத்திக் கொடுங்கள். மூன்றாவது, உங்கள் தெருவில் கைபேசியில் மட்டும் தெரிந்த ஒருவரை நேரில் பார்த்து சலாமோ வணக்கமோ சொல்லுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் கொசஸ்தலையாறும் ஆரணியாறும் நிரம்பும்போது, யார் செய்தியை நம்பலாம் என்று தேட நேரம் இருக்காது. இன்று நாம் நேர்மையாகப் பதில் சொல்லிப் பழகிய மனிதர்களே அன்று நமக்குச் செய்தி சொல்வார்கள். நம் செய்தியையும் அவர்கள் நம்புவார்கள், இன்ஷா அல்லாஹ்.